முப்பத்தொரு கதவுகளும் என் சிவப்புப் பென்சிலும்

போர்க்காலத்தில் திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு நிவாரணக் கந்தோரில் நான் எழுதுவினைஞராக இருந்தேன். என் வேலை ஒரு பட்டியல். மாவட்டத்தைப் பிரதேசப் பிரிவுகளாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவின் கீழும் கிராம சேவகர் பிரிவுகளை எழுதி, அவற்றின் கீழே சின்னச் சின்ன ஊர்களை, காட்டோரத்தில் நாலு குடும்பம் மட்டும் இருக்கிற துண்டுகளைக்கூட எழுதிவைத்த பட்டியல். ஊரின் பெயர் அதில் இருந்தால் அரிசி, கோதுமை மா, பருப்போடு லொறி போகும். இல்லையென்றால் போகாது. அதற்கு மேல் ஒரு கதையும் இல்லை.

அந்தப் பட்டியலை நான் சும்மா வைத்திருக்கவில்லை. பிரிவுக்கு ஒரு நிறமாகக் கலர்ப் பென்சிலால் கோடு போட்டு, நானே தட்டச்சுச் செய்து, அட்டையில் ஒட்டி, சுவரில் தொங்கவிட்டிருந்தேன். குச்சவெளி எங்கே முடிகிறது, மூதூர் எங்கே தொடங்குகிறது, எந்தக் குடியிருப்பு எந்தப் பிரிவுக்குள் வருகிறது என்று வெளியிலிருந்து யார் வந்து கேட்டாலும் எங்கள் பொறுப்பதிகாரி, “அங்க மிஸ்ஸிட்டக் கேளுங்கோ” என்று என் மேசையைக் காட்டுவார். எனக்கு அப்போது இருபத்தேழு வயது. அந்த ஒரு வசனத்துக்காகவே தினமும் சேலை மடிப்புக் குலையாமல் கந்தோருக்குப் போனேன் என்று சொன்னால் பொய்யில்லை.

இதில் ஒரு விஷயத்தை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. அந்த ஊர்களில் ஒன்றையும் நான் பார்த்ததில்லை. நான் நகரத்துப் பிள்ளை. பள்ளிக்கூடம், கோயில், சந்தை, கந்தோர். அதற்கு அங்கால் எல்லாம் எனக்குத் தட்டச்சு வரிகள்தான்.

அப்படியிருக்கும்போதுதான் மலேரியாக்காரர் வந்து சேர்ந்தார்.

அவர் கடலுக்கு அக்கரையில் இருக்கும் கிண்ணியாக்காரர். நாற்பத்தைந்து வயதிருக்கும். அதுவரை மலேரியாவுக்கு மருந்தடிக்கும் வேலையில் தோளில் பம்பு ஒன்றோடு வீடு வீடாகத் திரிந்தவர். சண்டையால் மருந்தடிப்பு நின்றுபோய், வேலையில்லாமல் இருந்தவரை எங்கள் கந்தோருக்கு அனுப்பிவிட்டார்கள். ஒவ்வொரு நாளும் காலையில் சைக்கிளோடு பாதையில் ஏறி வருவார். பாதை என்று எங்கள் பக்கத்தில் சொல்வது, ஆட்களையும் வாகனங்களையும் கடலுக்குக் குறுக்கே ஏற்றிவிடும் மிதவையை. காற்சட்டை முழங்கால்வரை நனைந்திருக்கும். அந்தக் கோலத்தோடு எனக்கு முன்னால் போட்டிருந்த கதிரையில் வந்து குந்துவார். முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுவதுபோல் எல்லாரும் அவரை நானா என்று கூப்பிட்டார்கள். நான் கூப்பிடவேயில்லை.

வந்து இரண்டாம் நாள். வடக்குப் பக்கம் ஒரு குடியிருப்பில் எத்தனை வீடு என்று அதிகாரி கேட்டார். நான் எழுந்து சுவருக்குப் போய், விரலை வைத்துத் தேடிக்கொண்டிருக்கிறேன். இவர் இருந்த இடத்திலிருந்தே சொல்கிறார்:

“பத்தொம்பது கதவு சேர். மூண்டு கிணறு. நடுக் கிணத்துத் தண்ணிதான் குடிக்கலாம். மற்ற ரெண்டும் உவர்.”

அதிகாரி சிரித்துவிட்டார். “ஆகா, கிணறு வரைக்கும் தெரியுமோ!”

என் விரல் அப்போதும் அட்டையில்தான் இருந்தது. என் பட்டியலில் கிணறு இல்லை. எனக்கு வயிறு எரிந்தது. அந்தச் சிரிப்பு அதுவரை எனக்கு மட்டும் கிடைத்துவந்த சிரிப்பு.

அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் இதே கதைதான். அதிகாரி கதவைத் திறந்தவுடன் “நானா எங்க?” என்பார். லொறிச் சாரதிகள் என் மேசையைத் தாண்டி அவரிடம் போய், எந்தத் தெருவால் போனால் சில்லுப் புதையாது என்று கேட்பார்கள். அவர் ஒரு தாளும் வைத்திருக்கவில்லை. எல்லாம் தலைக்குள். ஆட்களை எண்ணமாட்டார், கதவுகளைத்தான் எண்ணுவார். மருந்தடித்த வீட்டின் கதவில் நீல மையால் ஓர் இலக்கம் எழுதுவது அவர்களுடைய வழக்கமாம். அதனால் அவருக்கு ஊர் என்றால் இத்தனை கதவு, அவ்வளவுதான். “கதவிருந்தா ஆளிருக்கும் மிஸ்” என்று எனக்கு ஒருநாள் விளக்கம் வேறு சொன்னார். எனக்கு! பட்டியலை வைத்திருக்கிற எனக்கு!

நான் நல்லவள்போல் தலையை ஆட்டினேன். மனதுக்குள் சொன்னது வேறு. பம்பு தூக்கித் திரிந்தவருக்கு இவ்வளவு எடுப்போ என்று சொன்னேன். அந்த மனிதரிடம் எடுப்பு எதுவும் இருக்கவில்லை என்று இன்றைக்கு எழுதுகிறேன். அன்றைக்கு அது கண்ணில் படவில்லை. பிளேன்டீ வந்தால் முதல் கோப்பையை என் பக்கம் தள்ளிவிடுவார். அதையும் நடிப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

புரட்டாதி மாதம் போல, பட்டியலைப் புதிதாகத் திருத்தவேண்டும் என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. ஒரே குடும்பம் இரண்டு இடத்தில் பதிந்து இரண்டு தரம் நிவாரணம் எடுக்கிறது, அதைப் பிடிக்கவேண்டும் என்று கடிதத்தில் கடுமையாக எழுதியிருந்தார்கள். விட்டுப்போன சின்ன ஊர்களை மலேரியாக்காரர் கையால் எழுதித் தரவேண்டும், நான் சரிபார்த்துத் தட்டச்சுச் செய்யவேண்டும் என்று அதிகாரி வேலையைப் பிரித்துவிட்டார்.

அவருடைய எழுத்து பெரிய பெரிய எழுத்து. சரிந்து விழுந்துகொண்டு போகும். நான் ஒவ்வொரு தாளையும் வாசித்தது ஊரைத் தெரிந்துகொள்ள அல்ல, பிழை பிடிக்க. மூன்றாம் நாள் பிடித்துவிட்டேன்.

வடக்கே ஒரு களப்பு, கடலோரத்து உப்புநீர் ஏரி. அதன் கடல்பக்கத்து மணல்திட்டு ஒரு பிரதேசப் பிரிவு, உள்பக்கத்துக் கரை இன்னொரு பிரிவு. இரண்டு பிரிவின் கீழும் அவர் ஒரே மீன்பிடி ஊரை எழுதியிருந்தார். அதே முப்பத்தொரு கதவு. அதே குடும்பத் தலைவர்கள், முதல் பெயரிலிருந்து கடைசிப் பெயர்வரை. அப்படியே இரட்டைப் பதிவு!

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அவர் என் எதிரே ஆறடி தூரத்தில் இருந்து சோற்றுப் பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்தார். “இது ஏன் ரெண்டு இடத்தில இருக்கு?” என்று கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் விஷயம் முடிந்திருக்கும். கேட்க வாய் வந்தது. கேட்டால் அவர் ஏதாவது காரணம் சொல்லிவிடுவார், அது சரியாகவும் இருந்துவிடும் என்று பயந்தேன். தாளை எடுத்துக்கொண்டு நேரே அதிகாரியின் அறைக்குப் போனேன்.

“சேர், இந்த ஊர் ரெண்டு தரம் வந்திருக்கு. நல்ல வேளை கண்டிட்டன்.”

அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். “ஓமோம். நல்ல கண் பிள்ளை உங்களுக்கு. ஒண்டை வெட்டிவிடுங்கோ.”

உள்பக்கத்துக் கரையில் இருந்த வரியைச் சிவப்புப் பென்சிலால் வெட்டினேன். ஏன் அதை வெட்டினேன், மற்றதை ஏன் விட்டேன்? கடல்பக்கம் எழுதியது முதல் தாளில் இருந்தது, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு கிண்ணியாப் பக்கம் சண்டை தொடங்கி, பாதை நின்றுபோனது. மலேரியாக்காரரால் வர ஏலவில்லை. ஐந்து கிழமை, ஒரு மாதத்துக்கு மேல், அவருடைய கதிரை வெறுமையாகக் கிடந்தது. அக்கரையில் செல் குண்டு விழும் சத்தம் எங்கள் கந்தோர் யன்னல்களை உலுக்கியது. எல்லாரும், “ஐயோ பாவம், நானாவும் பிள்ளைகளும் என்ன பாடோ” என்று கதைத்தார்கள். நானும் கூடச் சேர்ந்து பாவம் என்றேன். ஆனால் அந்த ஐந்து கிழமையும் யார் வந்தாலும் “மிஸ்ஸிட்டக் கேளுங்கோ” என்ற பழைய வசனம் திரும்ப வந்திருந்தது. எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. உண்மை அதுதான்.

கார்த்திகை மழையில் ஒரு லொறி அந்தக் கடல்பக்கத்து மணல்திட்டுக்குப் போய், ஏற்றிய மூட்டைகளோடு அப்படியே திரும்பிவந்தது. “ஒரு சனமும் இல்லை. நாலு கம்புதான் நிக்குது” என்று சாரதி எழுதிக்கொடுத்தான். அதிகாரி அதைப் படித்துவிட்டு, “பாத்தீங்களோ, இல்லாத ஊர். அதையும் வெட்டுங்கோ” என்றார். வெட்டினேன். மலேரியாக்காரர் தலைக்குள் வைத்திருந்த பெரிய கணக்கு பொய்க் கணக்கு என்று நிரூபித்துவிட்ட திருப்தியில் வீட்டுக்குப் போய் இரண்டு புட்டு அதிகம் தின்றேன்.

மார்கழி தொடக்கத்தில் பாதை திரும்ப ஓடத் தொடங்கியது. அவர் வந்தார். மெலிந்து, தாடி நரைத்து வந்தார். வந்ததும் வராததுமாக முதல் கோப்பைப் பிளேன்டீயை என் பக்கம் தள்ளினார்.

அதற்கு நாலைந்து நாள் கழித்து, காலை பத்து மணிபோல, கந்தோர் வாசலில் ஒரே சிரிப்பு. எட்டிப் பார்த்தேன். நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், தலையில் ஒரு கதவோடு நிற்கிறாள். பெட்டிப் பலகையை அடித்துச் செய்த மெல்லிய கதவு. மழையில் நனைந்து கறுத்திருந்தது. பஸ்சுக்கு மேலே கட்டிக் கொண்டுவந்தாளாம். மூன்று சென்றிச் சாவடியில் இறக்கி, ராணுவம் தட்டிப் பார்த்து, திருப்பித் திருப்பிப் பார்த்து விட்டதாம். பியோன், “என்ன அக்கா, வீட்டை எங்க விட்டிட்டு வந்தனீங்கள்?” என்று பகிடி விட்டுக்கொண்டிருந்தான்.

அவள் சிரிக்கவில்லை. கதவைச் சுவரோடு சாத்திவிட்டுக் கேட்டாள்: “ஊர்ப் பட்டியல் ஆரிட்ட இருக்கு?”

“என்னட்டத்தான்,” என்றேன்.

“எங்கட ஊர் அதில இருக்கோ தங்கச்சி?” என்று ஊரின் பெயரைச் சொன்னாள்.

நான் இரண்டு தரம் வெட்டிய அதே ஊர். அவள் என் பதிலுக்குக் காத்திருக்காமல் கொட்டத் தொடங்கினாள். “கச்சான் காத்து அடிக்கிற கோடையில கடல்பக்கம் இருப்பம். வாடைக் காத்துத் தொடங்கினா அங்க அலை ஏறும், இருக்க ஏலாது. கூரைக் கிடுகு, கம்பு, கதவு எல்லாத்தையும் தூக்கிக்கொண்டு உள்ளுக்கு வருவம். எங்கட அப்பா காலத்தில இருந்து இப்படித்தான். இந்த வருசம் உள்ளுக்கு வந்தா, இந்தப் பக்கத்து விதானை, அதான் கிராம சேவகர், சொல்லுறார் உங்கட ஊர் என்ர பட்டியலில இல்லையெண்டு. அந்தப் பக்கத்து விதானை சொல்லுறார் அங்க ஆளே இல்லையெண்டு. ஏழு கிழமை தங்கச்சி. மாரிக் கடலுக்கும் போக ஏலாது. அடையாளம் கொண்டு வா எண்டுறாங்கள். எங்களிட்ட எங்க போனாலும் கூட வாறது கதவு மட்டும்தானே. அதான் கொண்டந்தனான்.”

பின்னால் கதிரை அரைபடும் சத்தம். மலேரியாக்காரர் எழுந்து வந்தார். கதவுக்கு முன்னால் குந்தி, ஈரத்தை உள்ளங்கையால் துடைத்தார். நீல மையில் பதினேழு என்று பெரிய, சரிந்த இலக்கம்.

“பதினேழு,” என்றார். “உங்கட வீட்டுக்குப் பின்னால ஒரு பூவரசு நிக்கும். இந்தக் கதவு அப்ப புதுசு.”

“நானா!” என்று சொல்லி அவள் அழத் தொடங்கிவிட்டாள்.

அவர் தன் சோற்றுப் பார்சலை எடுத்து அவளிடம் கொடுத்தார். என் மேசை லாச்சிக்குள்ளும் இடியப்பம் இருந்தது. கையை லாச்சிப் பக்கம் கொண்டுபோனேன், அதற்குள் அவர் முந்திவிட்டார். சீ, அந்த நேரத்திலும் எனக்குப் பட்டது அதுதான்: இதிலும் இவர்தான் முதல். அவள் பார்சலைப் பிரித்து, இரண்டு வாய் மட்டும் தின்றுவிட்டு, மிச்சத்தைத் திரும்பச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

சத்தம் கேட்டு அதிகாரி வெளியே வந்தார். விஷயத்தைக் கேட்டார். முகம் மாறிவிட்டது. “அப்ப எப்படி ரெண்டு பிரிவிலயும் இல்லாமல் போச்சு?” என்று கேட்டு, என்னைப் பார்த்தார்.

நான் ஒரே ஒரு வசனம் சொல்லவேண்டியிருந்தது. ‘நான் கேட்டிருக்கலாம் சேர், கேட்கேல்லை.’ அந்த வசனம் நாக்கில் இருந்தது.

“நான்தான் சேர்,” என்றார் மலேரியாக்காரர். “ரெண்டு பிரிவிலயும் எழுதினன், எந்தக் காலத்தில எங்க எண்டு போடேல்லை. வெளியில எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயமெண்டு விட்டிட்டன். மிஸ் வெட்டினது சரிதான். ஆரெண்டாலும் வெட்டியிருப்பினம்.”

அதிகாரிக்கு அது போதும். இரண்டாவது வரியை வெட்டச் சொன்னது தான்தான் என்பது அவருக்கும் ஞாபகம் வந்திருக்கும். பழியைத் தூக்க ஒருவர் கிடைத்தவுடன், நாங்கள் எல்லாரும் பார்த்திருக்க அவரைக் கிழி கிழி என்று கிழித்தார். அவர் தலையைக் குனிந்துகொண்டு, “ஓம் சேர், ஓம் சேர்” என்று நின்றார். பார்த்துக்கொண்டு நின்றவர்களில் நானும் ஒருத்தி.

அன்றே இரண்டு பிரிவிலும் அந்த வரியைத் திரும்பத் தட்டச்சுச் செய்தேன், மாதங்களையும் போட்டு. அடுத்த நாள் லொறி போகும் என்று சொன்னோம். அவள் நம்பவில்லை. தாள் தண்ணீரில் ஊறிவிடும், கதவில் எழுதித் தாருங்கள் என்றாள். மலேரியாக்காரர் ஒரு சோக்குக் கட்டியை எடுத்து என்னிடம் நீட்டினார்.

“மிஸ் எழுதட்டும். மிஸ்ஸின்ர எழுத்து வடிவு.”

அவருடைய பதினேழுக்குப் பக்கத்தில் இரண்டு பிரிவின் பெயரையும் அழகாக, நேராக எழுதிக்கொடுத்தேன். அவள் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, கதவைத் தலையில் வைத்துக்கொண்டு போனாள்.

அந்தக் கிழமை முடிவதற்குள் அவரைக் கந்தோரிலிருந்து எடுத்து, வெளிவேலைக்கு அனுப்பும்படி அதிகாரி உத்தரவு போட்டார். கடிதத்தைத் தட்டச்சுச் செய்தது நான். ஒரு பிழைகூட விடாமல், காபன் பிரதியோடு.

அவர் சைக்கிளை எடுக்கப் போகும்போது பின்னால் போனேன். “நானா,” என்றேன். அதுதான் முதல்தரம் அப்படிக் கூப்பிட்டது.

“அந்தத் தாளில சிவப்புக் கோட்டைக் கண்டனான் மிஸ்,” என்றார். “பக்கத்திலதானே இருந்தனான், ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம். பரவாயில்ல. எனக்கு வெளியில திரியிறது பழக்கம். உங்களை இந்தக் கதிரையால எழுப்பினா நீங்கள் எங்க போவீங்கள்?” சைக்கிள் நிறுத்தியைத் தட்டிவிட்டுக்கொண்டே, “ஒருக்கா அந்த ஊருக்குப் போய்ப் பாருங்கோ. வரியில்ல மிஸ் அது,” என்றார்.

கோபப்பட்டிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். அவர் பெருந்தன்மையாக இருந்துவிட்டுப் போனார். அதற்கும் எனக்குப் பொறாமைதான் வந்தது. அப்படி ஒரு மனம் இவருக்கு எங்கிருந்து கிடைத்தது, எனக்கு ஏன் இல்லை என்று.

அடுத்த பங்குனியில், வாடை முடிந்து அந்தச் சனங்கள் கடல்பக்கம் திரும்பும் நாட்களில், நிவாரண லொறியில் ஏறிப் போனேன். மாவட்டத்தில் என் பட்டியலில் இருந்த ஒரு சின்ன ஊரை என் கண்ணால் பார்த்தது அன்றுதான். களப்புக்குள் முழங்கால் தண்ணீரில் வரிசையாக நடந்து வந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருவர் தலையில் கதவு. எண்ணிப் பார்த்தேன். முப்பத்தொன்று.

கரையில் நின்ற ஒரு முதிய மீனவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “ஆர் பிள்ளை நீங்கள்? மலேரியா நானா அனுப்பின ஆளோ?”

பட்டியல் வைத்திருக்கிற மிஸ் நான்தான் என்று சொல்லியிருக்கலாம். “ஓம்,” என்றேன்.

“அப்ப நிக்கிறதென்ன, இருங்கோ,” என்றவர், கதிரை இல்லாததால், தண்ணீரிலிருந்து ஏறிய ஒரு பெண்ணிடம் கதவை வாங்கி மணலில் கிடத்தினார். யாரென்று பார்த்தால் அவள்தான். என்னை அடையாளம் கண்டு சிரித்தாள். கதவைப் பார்த்தேன். நான் சோக்கால் எழுதிய இரண்டு பிரிவுகளும் மழையில் கழுவுப்பட்டுப் போயிருந்தன. பதினேழு அப்படியே இருந்தது. எனக்குப் பழைய எரிச்சல் ஒருதரம் எட்டிப் பார்த்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். அந்த இலக்கத்தின் மேல் இருக்க மனம் வராமல், கதவின் ஓரத்தில் ஒதுங்கி இருந்தேன்.